கரையில் எடுக்கும் முடிவு: புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு

எனக்கு ஊக்குநர் பொறுப்பு, அதாவது குழுவை முன்னின்று நடத்தும் பொறுப்பு, வந்த முதல் வருடம். ஐப்பசி பிறக்க நாலு நாள் இருந்தது. மண்டபம் பக்கம் வடகடல் கரையில் 14 பேர் சேர்ந்து கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழு எங்களுடையது. அந்த மாதம் பாசிக்கு நல்ல விலை. இன்னொரு முறை விதை கட்டலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. 45 நாள் பயிர்தானே, வாடை முற்றுவதற்குள் அறுத்துவிடலாம் என்று பாதிப் பேர் கணக்குப் போட்டார்கள்.

எனக்கு வேண்டாம் என்றுதான் பட்டது. இரண்டு நாளாகக் கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டே இருந்தது. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், மாறியிருந்தது. ஆனால் எதிரே என்னைவிட மூத்தவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நேத்து வந்தவ நமக்குக் கடலைச் சொல்லித் தர்றா" என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை எனக்கு. "எல்லாரும் சொன்னா சரிதான் மதினி" என்றேன்.

விதை கட்டிய மூங்கில் தெப்பம் 60 இறக்கினோம். மூன்றாவது வாரம் வாடை அடித்தது. 41 தெப்பம் போயின. மூங்கில், கயிறு, விதை எல்லாம் வங்கிக் கடன்.

அன்றைக்குக் காற்றைப் பற்றி நான் நினைத்தது சரி. வாயைத் திறக்காததுதான் தவறு. அந்த ஒரு "சரிதான்" எத்தனை வீட்டின் தீபாவளியைத் தின்றது என்று இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மெதுவாகக் கற்றுக்கொண்டதை, இந்தக் கரையில் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் மகளிர் குழுவின் ஊக்குநராக இருக்கலாம். படகுச் சங்கத்தின் செயலாளராகவோ, கூட்டுறவு சங்கத்தின் தலைவராகவோ இருக்கலாம். ஏர்வாடியில் ஒரு சிறு நண்டுக் கம்பெனியில் 20 பெண்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கலாம். வேலை வேறு வேறு. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமலே இன்றைக்கு ஒரு முடிவு சொல்லவேண்டியிருப்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் துணிச்சல்காரர் என்றால் காற்றோடு கடலுக்குப் போகிறவர் என்றுதான் பேச்சு. தன் உயிர் தன் கையில் இருக்கும்போது அது சரியாக இருக்கலாம். 14 பேருடைய காசும் நம்பிக்கையும் உங்கள் கையில் இருக்கும்போது, அதே 14 பேர் முகத்துக்கு நேரே "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத்தான் துணிச்சல் அதிகம் வேண்டியிருக்கிறது. அது யாருக்கும் பிறவியில் வருவதில்லை. பழகினால் வரும். நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: எந்தப் பயம் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தீர்மான நோட்டு வேறு, இது வேறு. இது உங்களுக்கு மட்டும். ஒரு வாரத்துக்கு, கூட்டத்திலோ வங்கியிலோ ஏலக் கொட்டகையிலோ உங்களுக்குத் தொண்டை அடைத்த இடத்தையெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். வார முடிவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கடல், காசு, ஊர்ப்பேச்சு என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்.

நான் செய்து பார்த்தபோது 11 வரி வந்தது. அதில் கடல் இரண்டு, காசு இரண்டு. மிச்சம் ஏழும் ஊர்ப்பேச்சு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புயலுக்குப் பயந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் நான் பயந்தது பெரும்பாலும் சின்னம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்.

பிரித்தால் என்ன லாபம் என்றால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கடல் பயத்துக்குத் தகவல் வேண்டும். காசு பயத்துக்குக் கணக்கு வேண்டும். ஊர்ப்பேச்சுப் பயத்துக்குப் பழக்கம் ஒன்றுதான் மருந்து. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும்வரை எதைத் தொடுவது என்று தெரியாது.

இரண்டாவது: தெரிந்தது, தெரியாதது, எப்போது தெரியும்

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒரு பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அந்த ஐப்பசியில் நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: கையில் 60 தெப்பத்துக்கு விதை இருக்கிறது, பயிர் 45 நாள், வங்கித் தவணை 10ஆம் தேதி. இரண்டாவது கட்டம் தெரியாதது: வாடை எப்போது முற்றும், அறுக்கும்போது இந்த விலை நிற்குமா. மூன்றாவது கட்டம், தெரியாதவற்றில் எது எப்போது தெரியவரும், யாரிடம் கேட்டால் தெரியும் என்பது. இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். காற்றைப் பற்றி நாலு நாளில் கொஞ்சம் தெளிவு வரும் என்று எழுதியிருந்தால், "நாலு நாள் பொறுப்போம்" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்கும். வேண்டாம் என்று அடித்துச் சொல்லவும் வேண்டியதில்லை, சரி என்று தலையாட்டவும் வேண்டியதில்லை.

நம் கரைக்கு இரண்டு கடல் இருக்கிறது என்பதைப் புதிதாக வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை வந்தால் பெண்கடலும் சாந்தமாக இருக்காது. ஒரே நாளில் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு சரியாகவும் அந்தப் பக்கம் அதே முடிவு தப்பாகவும் இருக்கும். அதனால் "பக்கத்து ஊரில் போனார்களே" என்ற பேச்சை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தகவல் எங்கிருந்து வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். 1 என்றால் தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு இருக்கிறது, நமக்கு உடனே ஆபத்தில்லை. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. 3ம் 4ம் நம் துறைமுகத்துக்கான உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு ஏறியது என்று கேட்டதும் பதறுகிறவர்களும் இருக்கிறார்கள், "அது எப்பவும் ஏத்துறதுதான்" என்று துடைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எண் என்ன என்று கேட்கிற ஒருவராக நீங்கள் இருங்கள்.

பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016இலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 பண்பலையைக் காலையில் வீட்டில் ஓடவிடுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077, கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் கூட்டம் நடக்கும் இடத்துச் சுவரில் எழுதுங்கள். போன் சார்ஜ் இல்லாத நாளில்தான் அந்த எண் தேவைப்படும்.

அப்புறம், தகவல் எல்லாம் கைக்கு வந்த பிறகும் தெரியாதது மிச்சம் இருக்கும். 2024 நவம்பர் 20ஆம் தேதி, புயல் என்று எதுவும் வராமலே இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடலையே பார்த்து வளர்ந்தவர்கள் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. மூன்று கட்டத்தையும் எழுதி முடித்ததும், இருப்பதை வைத்து முடிவெடுங்கள்.

மூன்றாவது: நல்ல நாளில் பழகுங்கள்

புயல் நாளில் முதன்முதலாகப் பேச எழுந்தால் குரல் வராது. காற்றில்லாத நாளில் சின்னச் சின்னதாகச் செய்து பார்க்கவேண்டும். நான் செய்தவை இவை.

வாரக் கூட்டத்தில் கணக்கை நானே எழுந்து நின்று வாசித்தேன். யாரும் கேட்காத வாரத்திலும் வாசித்தேன். முதல் மாதம் கை நடுங்கியது. அடுத்து, வங்கிக்குப் போனால் மேலாளரிடம் ஒரு கேள்வியாவது கேட்காமல் வெளியே வருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வட்டியை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பது போல ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு இரண்டு முறை சும்மா போய் உட்கார்ந்து, மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, மூன்றாவது முறை மனு கொடுத்தேன்.

கடினமானது உறவுக்காரர்களிடம் இல்லை என்று சொல்வது. குழுவின் உள்கடனை முறை தப்பி வாங்க என் சொந்த நாத்தனார் வந்தாள். "இந்த மாசம் ரெண்டு பேரு உனக்கு முன்னால இருக்காங்க. அடுத்த மாசம் உனக்கு. இப்ப அவசரம்னா என் கையில இருக்கிற ஆயிரத்தை வாங்கிக்க" என்றேன். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் அந்த மாதத்தில் மற்ற 12 பேர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. பின்னால் பெரிய முடிவு ஒன்றைச் சொன்னபோது அவர்கள் என்னை நம்பியதற்கு அந்த ஒரு மறுப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான்காவது: மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள்

கடல் தெரிந்த ஒருவர், கணக்கு தெரிந்த ஒருவர், உங்களோடு ஒத்துப்போகாத ஒருவர். முதல் இருவரைத் தேடுவது சுலபம். எங்கள் ஊரில் கரைவலை இழுத்து வயதான ஒரு சம்மாட்டி ஐயா இருக்கிறார். காற்று மேற்கேயிருந்து வரும் கச்சானா, கிழக்கேயிருந்து வரும் கொண்டலா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் சொல்வதையும் வானிலை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக இருப்பேன். மாறுபட்டால், எது அதிக எச்சரிக்கையோ அதை எடுப்பேன்.

மூன்றாவது ஆளைத்தான் நாம் ஒதுக்குவோம். எங்கள் குழுவில் ஒரு மதினி எதைச் சொன்னாலும் குறுக்கே கேட்பார். முதல் வருடம் அவரைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். பெரிய முடிவு எதையும் கூட்டத்தில் வைப்பதற்கு முதல் நாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சொல்வேன். அவர் கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த வாரம் அதைக் கூட்டத்தில் வைப்பதில்லை. ஓரா மீன் பாசியைத் தின்றுவிடுமே, தெப்பத்துக்கு அடியில் வலை கட்டும் செலவைச் சேர்த்தாயா என்று ஒருமுறை கேட்டார். சேர்க்கவில்லை. அந்த ஒரு கேள்வி எங்கள் கணக்கையே மாற்றியது.

ஐந்தாவது: எல்லையை முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஆசையும் அவசரமும் இல்லாத நாளில், ஆனி ஆடி மாதம் மாதிரி ஒரு நாளில், குழுவைக் கூட்டி "இது நடந்தால் இதைச் செய்வோம்" என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் நோட்டில் இருக்கும் தீர்மானங்கள் இவை: புரட்டாசி கடைசிக்குப் பிறகு புது விதை கட்டுவதில்லை. பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏறினால் யாரையும் கேட்காமல் தெப்பங்களைக் கரைக்கு இழுப்பது. குழுக் கணக்கில் மூன்று மாதத் தவணைக்கான தொகை எப்போதும் இருப்பது, அதைத் தொட எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும்.

இப்படி எழுதிவிட்டால், நெருக்கடி நாளில் நீங்கள் ஒருத்தியாக நின்று 13 பேரை எதிர்க்க வேண்டியதில்லை. அவர்களே போட்ட கையெழுத்தைக் காட்டினால் போதும். துணிச்சல் குறைவாக இருப்பவர்களுக்கு இது பெரிய கைத்தடி. எனக்கு இன்றும் கைத்தடி வேண்டும்.

இதில் நம் கரையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருதை 2015இல் பெற்றவர். தீவுகளைச் சுற்றி மூழ்கி இயற்கைப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு அந்தப் பெண்களின் பிழைப்பே கேள்விக்குறியானது. அந்த நிலையில் அவர்கள் உரிமை கேட்டதோடு நிற்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். அன்றாடக் கூலியில் வாழும் பெண்களிடம் "மீதி நாள் போக வேண்டாம்" என்று ஒரு தலைவி சொல்வது எவ்வளவு கனமான பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். எல்லாரும் உட்கார்ந்து பேசி வைத்த எல்லை என்பதால்தான் அது நின்றது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பது நமக்குப் பழகிவிட்டது. தேதி முன்பே தெரிவதால் அதற்கேற்ப ஒவ்வொரு வீடும் கஷ்டப்பட்டாவது தயாராகிறது. உங்கள் குழுவுக்குள்ளும் அப்படித் தேதி போட்ட முடிவுகள் சில இருக்கட்டும்.

ஆறாவது: கெட்ட செய்தியைச் சொல்லும் முறை

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. மீனும் விற்கவில்லை, பாசியும் விற்கவில்லை. மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்று அறிவித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஊரில் ஒரே சந்தோஷம். கடனே தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. நான் விசாரித்தேன். தவணைதான் தள்ளிப்போகிறது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை எப்படிப் போய்ச் சொல்வது? சாப்பாட்டுக்கே யோசிக்கும் வீடுகளில், கிடைத்த ஒரு நல்ல செய்தியையும் நானே போய் அணைக்க வேண்டும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு நாளில் ஒருத்தி சேமிப்பில் வைத்திருந்த தவணைப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டாள். கெட்ட செய்தியைத் தாமதிப்பதற்கும் விலை உண்டு என்று அப்போது தெரிந்தது. மூன்றாவது நாள் இடைவெளி விட்டு நின்று, வாசல் வாசலாகச் சொன்னேன். அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசை இது.

என்ன தெரியும் என்பதை முதலில், இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். "தவணை மூணு மாசம் கட்ட வேணாம். வட்டி ஏறும்." அடுத்து, எது தெரியாது என்று சொல்லுங்கள். "ஊரடங்கு எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது." பிறகு, இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம். "முடிஞ்சவங்க வட்டியை மட்டுமாவது கட்டுவோம். முடியாதவங்க பேரை எங்கிட்ட சொல்லுங்க, குழுப் பணத்துல பார்ப்போம்." கடைசியாக, அடுத்து எப்போது பேசுவேன் என்று. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்ப வருவேன்." வெள்ளிக்கிழமை புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லவாவது போங்கள்.

"எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்கிறவர்களுக்கு அந்த நிமிடம் இதமாக இருக்கும். ஆனால் உங்கள் கையில் இல்லாததை நீங்கள் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும்.

படகுச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கனமான நாள் ஒன்று வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் நம் படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று விடியற்காலையில் செய்தி வரும். உங்கள் வாசலில் பெண்கள் கூடிவிடுவார்கள். எத்தனை படகு, யார் யார், அடித்தார்களா, காயமா என்று ஆளுக்கொரு செய்தி போனில் வரும். என் தம்பி சங்கத்தில் இருந்தபோது இதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அவன் ஒரு நாற்காலியும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருவான். உள்ளே போய்க் கதவைச் சாத்தமாட்டான். படகின் பதிவு எண்ணும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கியவர்கள் பட்டியலும் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒத்துப்பார்த்த பிறகுதான் பெயர் சொல்வான். உறுதியாகாத எதையும் "கேள்விப்பட்டேன்" என்றுகூடச் சொல்லமாட்டான். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போயிற்றா, அதிகாரிகள் யாரிடம் பேசினார்கள் என்பதை நேரம் போட்டு எழுதுவான். தினமும் மாலை 6 மணிக்கு அந்தத் தாளை எல்லார் முன்னாலும் வாசிப்பான். அழுகிறவர்கள் அழுவார்கள். சிலர் அவனைத் திட்டுவார்கள். திட்டு வாங்கவும் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அவன் உட்கார்ந்திருந்தான்.

ஏழாவது: தப்பாகப் போன பிறகு

எவ்வளவு செய்தாலும் சில முடிவு தப்பும். அடுத்த கூட்டத்தில், வேறு யாரும் எடுப்பதற்கு முன்னால் நீங்களே அதை எடுங்கள். "இது நான் சொன்ன முடிவு, தப்பிப்போச்சு" என்பதற்கு மேல் விளக்கம் அதிகம் வேண்டாம். 41 தெப்பம் போன பிறகு நான் இதைச் செய்ய ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு வாரமும் கடைக்குப் போகக்கூடப் பின்தெருவில் நடந்தேன். சொல்லி முடித்த அன்று, குறுக்குக் கேள்வி கேட்கும் அதே மதினிதான் முதலில் பேசினார். "மிச்சம் என்ன இருக்குன்னு எண்ணுவோம் ஏத்தா" என்றார்.

எண்ணினோம். 19 தெப்பம் முழுசாக இருந்தது. கரையில் ஒதுங்கிய மூங்கிலில் பாதி தேறியது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மீண்டும் கட்டலாம்.

பாம்பன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணிக்கை ஞாபகம் வரும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது ரயில் பாலத்தின் கர்டர்கள் என்னும் இரும்பு உத்திரங்களும் கடலுக்குள் போயின. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, அதுவும் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பு 32 வயது ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்துத் திரும்பப் பொருத்தி 46 நாளில் ரயில் ஓடவைத்தார்கள். புதிதாகச் செய்து வரட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்த 46 நாளுக்கு வாய்ப்பே இல்லை. எல்லாரும் அந்த வேகத்தைத்தான் பாராட்டுகிறார்கள். நான் பார்ப்பது, இழந்ததாக எழுதிவிட்ட பொருளைக் கடலுக்குள் போய்த் தேடிய அந்த முதல் வாரத்தை. இழப்பு நடந்த மறுநாள், இருப்பதை எண்ணும் வேலையைக் குழுவுக்குக் கொடுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் பழி தேடாது.

இடையில் ஒரு சின்ன விஷயம். ராத்திரி 9 மணிக்குப் பிறகு பெரிய முடிவு எதற்கும் பதில் சொல்லாதீர்கள். "காலையில சொல்றேன்" என்று அனுப்பிவிட்டுப் படுங்கள். நெருக்கடி வாரத்தில் வீட்டு வேலையில் ஒன்றிரண்டை வீட்டு ஆண்களிடம் வெளிப்படையாகக் கேட்டு ஒப்படையுங்கள். பசியோடும் தூக்கமில்லாமலும் எடுத்த முடிவுகளில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன்.

காற்று வராத வருடம்

தீர்மானம் எழுதிய இரண்டாவது வருடம் நடந்ததையும் சொல்லவேண்டும். புரட்டாசி முடிந்தது. பாசி விலை முந்தைய வருடத்தைவிட நன்றாக இருந்தது. குழுவில் இருவர் விதை கட்டவேண்டும் என்று நின்றார்கள். நான் நோட்டை எடுத்துக் கையெழுத்தைக் காட்டினேன். "கடல் வத்திக் கருவாடு தின்னலாம்னு கொக்கு உடல் வத்திச் செத்துச்சாம்" என்று ஒருத்தி எழுந்து போய்விட்டாள். நாங்கள் தெப்பத்தைக் கரையேற்றினோம்.

அந்த வருடம் வாடை பிந்தியது. ஐப்பசி முழுக்கக் கடல் தட்டாகக் கிடந்தது. பக்கத்துக் கரையில் விதை கட்டியவர்கள் கார்த்திகையில் அறுத்து, காயவைத்து, நல்ல விலைக்குக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தச் சாக்குகள் வண்டியில் ஏறுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த வாரக் கூட்டத்துக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். எவ்வளவு வருமானத்தை விட்டோம் என்று கணக்குப் போட்டு, எழுந்து நின்று வாசித்தேன். பிறகு, "இந்தத் தேதியை மாத்தணும்னா இப்பப் பேசுவோம், எல்லாரும் சொல்றதை எழுதுவோம்" என்றேன். ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது. எழுந்து போனவளும் வந்திருந்தாள், அவள்தான் அதிகம் பேசினாள். கடைசியில் தேதியை மாற்றவேண்டாம், ஆனால் 60 தெப்பத்தில் 10ஐ மட்டும், இழந்தாலும் தாங்கும் அளவுக்கு, விருப்பமுள்ளவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் இறக்கலாம், குழுக் கடனில் இறக்கக்கூடாது என்று முடிவானது. தீர்மான நோட்டில் அவள் கையாலேயே எழுதினாள். 14 பேரும் கையெழுத்துப் போட்டோம்.

தை பிறந்ததும் மூங்கிலைக் கழுவி, கயிறு பிரித்து, விதை கட்ட உட்கார்ந்தோம்.